தோழி பாடும் மூன்றாம் சரணம்

ஜூன் 24, திங்கள்

ஆண்டு விழா நாடகம் என் தலையில் விழுந்தது. பிரின்சிபால் ஹெலன் மேடம் கூப்பிட்டு, தட்டச்சுப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தார். ‘கடல் கடந்த மணமகள்.’ எங்கள் கல்லூரியில் தமிழ் நடத்திய நவமணி டீச்சர் அறுபதுகளில் எழுதிய இசை நாடகம். பாட்டும் அவர்தான், மெட்டும் அவர்தான். நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அவர் இறந்துபோனார்.

கதை சின்னது. முத்துக்குளிக்கும் துறையின் இளவரசியைக் கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் கட்டிக்கொடுக்கிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே தோழி ஒரு பாட்டுப் பாடுகிறாள். தோழி, முத்துக்குளிப்பவன் மகள்.

“இளவரசிக்கு ஸ்டூடண்ட் போதும். தோழிக்கு நல்ல குரல் வேணும் சொர்ணம். நம்ம விலங்கியல் மேடம், உங்க பிலோமினா பாடட்டுமே. நீங்க சொன்னா கேப்பாங்க” என்றார் மேடம்.

வீட்டில் வந்து சொன்னேன். “எனக்கு நாப்பத்தி நாலு வயசு. தோழியா, தாயா?” என்றாள் பிலோ. மேடை விளக்கு பார்த்துக்கொள்ளும் என்றேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த ஓடினாள். ஓடும்போதே பாட ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

பிலோவின் தம்பி ரெக்ஸ் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தான். அவன் வருவதால் காலையிலேயே இரண்டாவது அறைக் கட்டிலில் கிடந்த விடைத்தாள் கட்டுகளை இறக்கி, மெத்தை விரித்து, பிலோவின் சேலைகள் இரண்டைக் கொடியில் போட்டோம். எப்போதும் செய்வதுதான்.

சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நான் மீன் தின்பதில்லை. நான் பிறந்த வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. ஆனால் பக்குவம் கைவந்துவிட்டது. உப்பு, புளி பார்க்க மட்டும் பிலோவைக் கூப்பிடுவேன்.

சாப்பிடும்போது ரெக்ஸ் விஷயத்துக்கு வந்தான். மஸ்கட்டில் ஒரு என்ஜினீயர். மனைவி இறந்து நான்கு வருடம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். பிலோவின் படத்தைப் பார்த்திருக்கிறார்.

“அம்மா, அப்பா போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேருதான் மேடம். எனக்கும் குடும்பம், பிள்ளைங்கன்னு ஆயிப்போச்சு. இவளுக்கு அப்புறம் யாரு இருக்கா? ரிட்டயர் ஆகி ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தா, கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் வேண்டாமா? நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

பிலோ என்னைப் பார்த்தாள். அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. “நல்ல இடமாத்தான் தெரியுது” என்றேன். ரெக்ஸுக்கு இன்னும் இரண்டு துண்டு மீன் வைத்தேன்.

பிலோ யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். எனக்கு இதில் சந்தோஷம்தான்.

ஜூலை 2, செவ்வாய்

விடைத்தாள் திருத்தினேன். எல்லாரும் ஒரே நோட்ஸைப் படித்திருக்கிறார்கள்.

ஜூலை 6, சனி

முதல் முழு ஒத்திகை. மேலப்பாளையத்திலிருந்து வரும் ஷிபானா இளவரசி. மூன்றாம் ஆண்டு, வரலாறு. மேடையில் அவளை உட்காரவைத்து, பின்னால் பிலோ சீப்போடு நின்று பாடினாள்.

*சிக்கெடுத்துச் சீவிவிட்டேன், சீதனமாய் வேறெதுண்டு?*
*பக்கத்தில் பாய்விரித்த பழக்கத்தை என்செய்வேன்?*

மூன்று சரணம். கடைசிச் சரணம் இப்படி:

*வாழ்த்தொன்று பாடவந்தேன், வாய்க்குள்ளே வேறொருசொல்;*
*ஆழத்தில் மூச்சடக்கி அச்சொல்லை வைத்திருப்பேன்;*
*ஏழ்கடலும் தாண்டுகிற இளங்கொடியே, நானுனக்குப்*
*போகாதே என்றுசொல்லப் பேரில்லாச் சொந்தமடி.*

பாடி முடித்ததும் ஹாலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஷிபானா திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

“மேடம், தோழி பாடும்போது நான் அழணுமா, வேண்டாமா?”

“ஏன் கேக்க?”

“தோழி பாடுற மாதிரி இல்லியே மேடம். எங்க அக்கா கல்யாணத்துல அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மாப்பிள்ளையக் கிண்டல் பண்ணித்தான் பாடுனாங்க. இந்தப் பாட்டுல மாப்பிள்ளையே இல்ல. மத்த பாட்டுல எல்லாம் அவர் பேரு வருது. இதுல ‘அவர்’னுகூட ஒரு வார்த்தை இல்ல.”

நான் விளக்கினேன். தோழி என்பவள் நம் இலக்கிய மரபில் தலைவியின் மனச்சாட்சி மாதிரி. பிரிவுத் துயரைத் தோழி வாயில் வைப்பது வழக்கம். மகளைப் பிரியும் தாயின் புலம்பலை ஆசிரியர் தோழிக்கு மாற்றிக்கொடுத்திருக்கிறார், அவ்வளவே. வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஷிபானா தலையாட்டினாள். மாணவிகள் மணி அடிக்கக் காத்திருக்கும்போது ஆட்டும் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

“மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் பிலோ. கல்லூரியில் நாங்கள் ஒருவரையொருவர் மேடம் என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

ஜூலை 7, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பிலோ விடவில்லை.

“ஏட்டி சொர்ணம், பேரில்லாச் சொந்தம்னு ஏன் எழுதினாங்க?”

“மெட்டுக்கு.”

“தோழின்னு பேரு இருக்குல்லா. நாடகம் முழுக்க அவள அப்படித்தான கூப்பிடுதாங்க. அப்பனுக்கு மக, அரண்மனைக்கு வேலைக்காரி. எல்லாத்துக்கும் பேரு இருக்கு. பின்ன எதுக்குப் பேரில்லங்கா? தோழின்னா நட்புன்னு பாடியிருக்கலாம். ஒரு இடத்துல கூட நட்புன்னு இல்ல. சொந்தம்ங்கா.”

“நீ லேப்ல தவளைய அறுக்குற மாதிரி பாட்டையும் அறுக்காத.”

“அறுத்தாத்தான உள்ள என்ன இருக்குன்னு தெரியும்.” கீரைக் காம்பைத் தூரப் போட்டாள். “இவ அவள விரும்புதா. அதுதான் பாட்டு. வேற ஒண்ணும் இல்ல.”

செத்துப்போனவர் எழுதிய பாட்டில் நம் இஷ்டத்துக்கு அர்த்தம் ஏற்றக் கூடாது என்றேன். அவர் வந்து இல்லையென்று சொல்ல முடியாது.

“ஆமான்னும் சொல்ல முடியாது” என்றாள். “நவமணி டீச்சர் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலயாம்.”

“கல்யாணம் ஆகாத எல்லாரும் அப்படியா?”

கேட்ட பிறகு இருவரும் மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தோம். குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவள் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

ஜூலை 13, சனி

தலைவலி. ஒத்திகைக்குப் போனேன். வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். முன்னாள் மாணவியர் சங்கத்து அம்மா ஒருவர் ஒத்திகையை எட்டிப் பார்த்திருக்கிறார். ஷிபானாவும் மற்ற பிள்ளைகளும் மாடிப்படியில் உட்கார்ந்து, இந்தப் பாட்டு யாருக்கு, என்ன அர்த்தம் என்று பேசிக்கொண்டிருந்ததும் அவர் காதில் விழுந்திருக்கிறது. பெற்றோர் வரும் விழா, கடைசிச் சரணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“அப்படி ஏதாவது இருக்கா சொர்ணம் அதுல?” என்றார் ஹெலன் மேடம்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். எடுத்துரலாம். நாலு வரிதான்” என்றேன்.

மேடம் பேனாவை மூடிவைத்தார். நான் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

சாயங்காலம் பிலோவிடம் சொன்னேன். ஒரு விழாவுக்காகச் சண்டை போட முடியுமா, இரண்டு சரணத்திலேயே பாட்டு முடிந்த மாதிரிதான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சரி மேடம்” என்றாள்.

வீட்டுக்குள் அவள் என்னை மேடம் என்று சொன்னது இதுவே முதல்முறை.

ஜூலை 20, சனி

பிலோ ரெக்ஸிடம் சரி என்று சொல்லிவிட்டாள். காபி குடிக்கும்போது சொன்னாள். மஸ்கட்காரர் செப்டம்பரில் லீவில் வருகிறாராம்.

“ரொம்ப சந்தோஷம்” என்றேன்.

“சந்தோஷமா?”

“பின்ன?”

கப்பைக் கழுவி வைத்துவிட்டு நிறைய வேலை செய்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். பழைய அலுமினியப் பாத்திரங்களை எடைக்குப் போட்டேன்.

ஜூலை 24, புதன்

டவுனுக்குப் போய் அவளுக்குப் பட்டுச் சேலை எடுத்தேன். மயில் கழுத்து நிறம். கடைக்காரர் “யாருக்கு, தங்கச்சிக்கா?” என்று கேட்டார். தலையாட்டினேன். மதினிக்கா என்று கேட்டிருந்தாலும் அதே தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

சேலையைப் பார்த்து “நல்லாருக்கு” என்றாள். பிரித்துப் பார்க்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டுக்காரர் பெருமாள் அண்ணாச்சி வாடகைக்கு வந்தார். விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். “டீச்சரம்மா போயிட்டா நீங்க ஒத்தைக்கு இவ்வளவு பெரிய வீட்ட வச்சு என்ன செய்யப்போறீங்க? சின்னதா ஒரு போர்ஷன் பாத்துத் தரட்டுமா?” என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். “இது எங்க வீடு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். வீடு அவருடையது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

அவர் போன பிறகு, பிலோ கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நாடகப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் சரணம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

*நம்வீட்டு முற்றத்தில் நாளைக்கும் நிலவுவரும்;*
*நம்வீட்டுக் கிணற்றடியில் நான்மட்டும் நீரிறைப்பேன்.*

வெட்டச் சொன்ன சரணம் இது இல்லை. இதில் யாருக்கும் குறை தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் காட்சியிலிருந்து கடைசி வரை படித்தேன். இளவரசி அரண்மனையில் இருக்கிறாள். தோழி கடற்கரைக் குடிசையில் இருக்கிறாள். தினமும் வருகிறாள், போகிறாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வீடு நாடகத்தில் எங்குமே இல்லை. ஒரு முற்றம் இல்லை, ஒரு கிணறு இல்லை. தோழி, “எங்கள் வீடு” என்றால் குடிசை. “உங்கள் வீடு” என்றால் அரண்மனை. நவமணி டீச்சர் தமிழ் நடத்தியவர். எங்கள் என்பதற்கும் நம் என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர் அல்ல. எங்கள் என்றால் கேட்கிறவளுக்கு அதில் பங்கு கிடையாது. நம் என்றால் கேட்கிறவளும் உள்ளே இருக்கிறாள். இல்லாத வீட்டுக்குள் அவளையும் சேர்த்துக்கொண்டு இரண்டு முறை நம் என்று பாடுகிறாள். கட்டப்படாத வீடு அது. அல்லது எங்கேயோ இருந்த வீடு, நாடகத்துக்குள் கொண்டுவர முடியாமல் இரண்டு வரியில் ஒளித்துவைத்த வீடு.

தாயின் புலம்பலைத் தோழிக்கு மாற்றினார் என்று ஷிபானாவிடம் சொன்னேனே. மகளை அனுப்பும் தாய் நம் வீடு என்றா சொல்வாள்? இனி அது உனக்குத் தாய்வீடு என்பாள். போகாதே என்று சொல்ல அவளுக்குப் பேர் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. பேர் இல்லாததால் வாயை மூடிக்கொள்கிறவள் இவள் ஒருத்திதான். இருபத்து மூன்று வருடமாகப் பாட்டுக்கும் செய்யுளுக்கும் உரை சொல்லிக் கொடுக்கிறேன். பிலோ கீரை ஆய்கிற நேரத்தில் சொன்னதுதான் சரியான உரை.

இவள் அவளை விரும்புகிறாள். அதுதான் பாட்டு.

பிலோ வந்து, “ஏன் லைட் போடாம உக்காந்திருக்க?” என்று கேட்டாள். இருட்டியதை நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பிரின்சிபாலைப் பார்க்கப் போனேன். கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

“மேடம், அந்தச் சரணம் வேணும்.”

“நீங்கதானே நாலு வரின்னு சொன்னீங்க.”

“தப்பாச் சொல்லிட்டேன். அந்த நாலு வரிக்குத்தான் பாட்டே இருக்கு.”

ஹெலன் மேடம் என்னை உட்காரச் சொன்னார். “சங்கத்துல கேட்டா நான் பதில் சொல்லணும் சொர்ணம். அவங்க சொல்ற மாதிரி அதுல ஒண்ணும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க தமிழ்த்துறை. நான் அதையே சொல்லிட்டு விட்டுருதேன்.”

ஒரே ஒரு பொய். அது போதும், பாட்டு முழுசாகக் கிடைத்துவிடும். இரண்டு வாரம் முன்னால் அதே பொய்யை இதே நாற்காலியில் யோசிக்காமலே சொன்னவள் நான்.

“இல்லன்னு சொல்ல முடியல மேடம்” என்றேன். “அவங்க சொல்ற மாதிரிதான் இருக்கு. ஆனா அதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல.”

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“நான் இங்க படிச்சவ. நவமணி டீச்சர் ரிட்டயர் ஆன வருஷம். ஹாஸ்டல்ல நாங்க எல்லாரும் அந்தப் பாட்ட மனப்பாடமாப் பாடுவோம். யாருக்குன்னு கேக்கணும்னு பாதிப் பேருக்குத் தோணல. தோணினவங்க கேக்கல.”

அவர் எந்தப் பாதி என்று நானும் கேட்கவில்லை.

“பாடட்டும். ஆனா முன்னாடி நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை சொல்லணும். யாரோ பிள்ளைங்க புரியாமப் பாடிருச்சுன்னு இருக்கக் கூடாது. தெரிஞ்சே போடுதோம்னு இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து, மூன்றாம் சரணம் உண்டு என்று பிலோவிடம் சொன்னேன். “என்ன சொல்லி வாங்கின?” என்று கேட்டாள். “உள்ளதைச் சொன்னேன்” என்றேன். பிறகு பாட்டைப் பற்றி மட்டும் பேசினாள். செப்டம்பரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விழா முடிந்தது.

ஹால் நிறைந்திருந்தது. தோழி பாட்டுக்கு முன்னால் திரைக்கு வெளியே வந்து நின்றேன். எழுதிவைத்ததை மறந்துபோய், தோன்றியதைச் சொன்னேன்: “இந்தப் பாட்டில் நம் வீடு என்று வரும். நாடகத்தில் அப்படி ஒரு வீடு கிடையாது. பாடுகிறவளுக்கு மட்டும் தெரிந்த வீடு அது. ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு வாழ நினைத்த வீடு. நவமணி டீச்சர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பாடவைத்தார். கேளுங்கள்.”

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் சங்கத்து அம்மா கைப்பையைத் திறந்து மூடினார். ஹெலன் மேடம் முதலில் கை தட்டினார். பின்னாலிருந்து பிள்ளைகள் தட்டினார்கள். நடு வரிசைகளில் பலபேர் சும்மா இருந்தார்கள். அது அவர்கள் விருப்பம்.

நான் பக்கத் திரைக்குப் பின்னால் போய், பிரதியோடு நின்றேன். வசனம் மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை. பிலோ ஷிபானாவின் தலையைச் சீவியபடி பாடினாள். குரல் நன்றாக இருந்தது என்று எழுதினால் அது சரியாகாது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பாடுகிற குரலில் பாடினாள். முற்றம் வந்தது, கிணறு வந்தது. மூன்றாம் சரணம் தொடங்கியது. “இளங்கொடியே, நானுனக்கு” என்று பாடி நின்றுவிட்டாள்.

ஆர்மோனியம் அந்த இடத்தையே திரும்ப ஒருமுறை வாசித்தது. பிலோ வாயைத் திறக்கவில்லை. ஷிபானாவின் கூந்தலைப் பிடித்தபடி திரும்பி, பக்கத் திரையை, என்னைப் பார்த்தாள்.

ஒன்றரை மாதமாக ஒருநாளும் மறக்காத வரி.

நான் அடியெடுத்துக் கொடுத்தேன். “போகாதே.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். முன்வரிசை வரைக்கும் கேட்டதாம். பிலோ அப்படியே நின்றாள். நான் மறுபடி சொன்னேன். “போகாதே, பிலோ.”

பிரதியில் அவள் பெயர் இல்லை.

பிறகு அவள் பாடி முடித்தாள். ஷிபானா அழுதுகொண்டிருந்தாள். அழச் சொல்லி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பிலோ அடுப்படிக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“உண்மையிலயே மறந்துட்டியா?” என்று கேட்டேன்.

“மறக்கல.”

“பின்ன?”

“எனக்கு அந்த வார்த்தைய நீ சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. ரெக்ஸ் வந்த அன்னைக்கே சொல்லுவன்னு பாத்தேன். நீ அவனுக்கு மீன் வச்ச.”

“எனக்குச் சொல்ல என்ன உரிமை இருக்குன்னு நினைச்சேன்.”

“பாட்டுல சொன்னியா, எங்கிட்ட சொன்னியா?”

“உங்கிட்டத்தான்.”

தோசை கருகிவிட்டது. அதை எடுத்து அவள் தின்றாள். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நேற்று வரைக்கும் இந்த நோட்டில்கூட அவள் போகக் கூடாது என்று நான் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிலோ ரெக்ஸுக்குப் போன் போட்டாள். மஸ்கட்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னாள். அவன் காரணம் கேட்டிருக்க வேண்டும்.

“இல்லடா, அவர் நல்லவர்தான். எனக்கு இங்க ஆள் இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆமா. அவதான்.”

போனை வைத்துவிட்டாள். அவன் வைத்துவிட்டான் என்பதுதான் சரி. இன்று முழுக்க இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தோம். பிலோ ஒருமுறை அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அவள் வளர்த்த பிள்ளை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பொருளாதாரத் துறை மேடம் என் டிபனில் இருந்து எப்போதும் போல ஊறுகாய் எடுத்துக்கொண்டார். ஷிபானா வந்து, “அடுத்த வருஷமும் நாடகம் போடுவீங்களா மேடம்?” என்றாள். “அடுத்த வருஷம் நீ இருக்கமாட்டியே” என்றேன். “பாக்க வருவேன்லா” என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றிவிட்டு வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ரெக்ஸ். இதுவரை அவன் என் எண்ணுக்குக் கூப்பிட்டதில்லை. பிலோ கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

“அவள இல்ல மேடம். உங்களத்தான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. கோபமாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

“எனக்குப் பிடிபடல மேடம். பிடிபட நாளாகும். வீட்ல என்ன சொல்லன்னும் தெரியல.”

“சரி தம்பி.”

“அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை இந்த வாரத்தோட தீருது. நான்தான் மாசாமாசம் போன் பண்ணி ஞாபகப்படுத்துவேன். அவ மறந்துருவா. இனி நீங்க பாத்துக்கோங்க.”

“வாங்கிருதேன்” என்றேன்.

துணியை அப்படியே போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினேன்.